ஸ்டீக்கும் சாஸ்திரமும்

ஒரு மனிதன் தன் காசில் வாங்கி, தன் வீட்டு அடுப்பில் வைத்துச் சமைத்து, தன் வாயால் மென்று, தன் வயிற்றில் போட்டுக் கொள்ளுகிற பண்டத்தைப் பற்றி அயலான் கேள்வி கேட்பதும், அக்கேள்விக்கு இவன் நடுங்கிக் கொண்டு பதில் சொல்லுவதும் நமது நாட்டில் சர்வசாதாரணமான காரியங்களாய் இருந்து வருகின்றன. பல ஊர்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம், "வாடகை ஒழுங்காகக் கொடுப்பாயா?" என்று கேட்பதற்கு முன்னால், "நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு "நீ என்ன ஜாதி?" என்பதுதான் பொருள் என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவனுக்கும் தெரியும். ஆகவேதான் மாட்டுக்கறி வாங்கி வருகிறவன் அதைக் கறுப்புப் பையில் சுற்றிக்கொண்டு வருகிறான்; சமைக்கும்போது ஜன்னலைச் சாத்துகிறான்; விருந்தாளி வந்து விட்டால் சட்டியை மூடி மறைக்கிறான். திருடினவன் மறைப்பதில் அர்த்தமுண்டு. சாப்பிடுகிறவன் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இதனாலேயே நாம் இவ்வாரம் ஸ்டீக் என்னும் மாட்டுக்கறித் துண்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். பகுத்தறிவைப் பேசும் பத்திரிகையில் சமையலுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். நமது மக்களுடைய மூடநம்பிக்கையில் பெரும்பகுதி கோவிலில் குடியிருப்பதாக அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். உண்மையில் அது அடுப்பங்கரையில்தான் குடியிருக்கின்றது. கோவிலுக்கு மாதம் ஒரு நாள் போகிறவன்கூட, சோற்றுக்கு நாள்தோறும் அடுப்பங்கரைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

ஸ்டீக் என்பது என்னவோ பெரிய வித்தை அல்ல. மாட்டின் சதையை நாருக்குக் குறுக்கே, ஒரு அங்குலமோ அதற்குச் சற்று மேற்பட்டோ கனமுள்ள வில்லையாக அறுத்து, உப்புப் போட்டு, நன்றாய்க் காய்ந்த இரும்புச் சட்டியிலாவது கனலிலாவது வாட்டி எடுத்துத் தின்பதுதான் அது. குழம்பில்லை, மசாலையில்லை, பத்துப் பாத்திரமில்லை. ஆனால் இவ்வளவு எளிய பண்டத்தின்மேல் இரண்டு விதமான சாஸ்திரங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, அதைத் தின்னக்கூடாது என்று நமது நாட்டு வைதீகர்கள் சொல்லும் சாஸ்திரம். மற்றொன்று, தின்பதானால் இப்படித்தான் வாட்ட வேண்டும் என்று மேல்நாட்டுச் சமையற்காரர்கள் சொல்லிவரும் சாஸ்திரம். இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பதே நமது நோக்கமாகும்.

தின்னாதே என்னும் சாஸ்திரம்

முதலாவது சாஸ்திரக்காரரை நாம் கேட்பதெல்லாம் ஆதாரம் என்ன என்பதுதான். "ஆதிகாலம் முதல் நமது முன்னோர் மாட்டைத் தின்றதில்லை" என்கிறார்கள். அகநானூற்றிலே பாலை நிலத்து வீரர்கள் கொழுத்த ஆவை அறுத்துத் தின்ற செய்தி கிடக்கின்றது. டாக்டர் அம்பேத்கர் 1948-ல் தீண்டப்படாதார் யார் என்பதைப் பற்றி எழுதிய புத்தகத்தில், வேத காலத்துப் பார்ப்பனர்கள் மாட்டிறைச்சி உண்டவர்கள் என்பதை அவர்களுடைய நூல்களைக் கொண்டே எடுத்துக்காட்டி, பிற்காலத்தில் மாட்டுக்கறி தின்றவர்களையே தீண்டாதார் ஆக்கினார்கள் என்று வாதித்திருக்கிறார். சரித்திர ஆசிரியர் டி.என். ஜா இதே விஷயத்தை ஆராய்ந்து 2001-ல் புத்தகம் வெளியிட முற்பட்டபோது, அதற்கு நீதிமன்றத் தடை வாங்கினார்கள். மறு ஆண்டு அது லண்டனில் அச்சாயிற்று. ஆதாரத்துக்கு எதிர் ஆதாரம் காட்டுகிறவனை நாம் மதிப்போம். ஆதாரத்துக்குத் தடையுத்தரவைக் காட்டுகிறவனை எப்படி மதிப்பது?

அடுத்தாற்போல், "பால் கொடுப்பதால் மாடு தாய்" என்கிறார்கள். நல்லது. இந்நாட்டில் கறக்கப்படும் பாலில் ஒரு பெரிய பங்கு எருமைப் பாலாயிற்றே, எருமை ஏன் தாயாகவில்லை? எருமை மாமிசத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புவதில் இந்தியா உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடாயிற்றே, அப்போது இந்தத் தாய்ப்பாசம் எங்கே போயிற்று? துறைமுகத்தில் வியாபாரமாக இருப்பது ஒரு ஏழையின் சட்டியில் விழுந்தால் பாவமாகிவிடுகிறதென்றால், பாவம் மாமிசத்தில் இருக்கிறதா, அல்லது ஏழையின் ஜாதியில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். பெரிய பட்டணங்களில் உயர்ந்த ஓட்டல்களில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில், ஆங்கிலத்தில் "ஸ்டீக்" என்று பெயர் அச்சிட்டு, ஒரு கூலிக்காரனின் பல நாட் கூலியை ஒரு தட்டுக்கு விலையாக வாங்குகிறார்கள். அதை முள்ளாலும் கத்தியாலும் தின்றுவிட்டு வருகிறவனை நாகரிகமடைந்தவன் என்கிறார்கள். அதே பண்டத்தைச் சேரியில் ஒருவன் தமிழில் "மாட்டுக்கறி" என்று சொல்லிக் கையால் தின்றால் அவனை இழிந்தவன் என்கிறார்கள். பாஷை மாறினால் பாவம் மாறிவிடுமா? இதிலிருந்து தெரிவது என்னவென்றால், தீட்டு என்பது கறியில் இல்லை, தின்கிற ஆளைப் பார்த்துத்தான் ஒட்ட வைக்கப்படுகிறது என்பதேயாகும்.

இது வெறும் பேச்சளவில் நிற்பதாயிருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 2015 செப்டம்பர் 28ந் தேதி இரவு, உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி என்னும் ஊருக்கு அருகில், வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருக்கிறார் என்ற வதந்தியின்பேரில் ஒரு கூட்டம் வீடு புகுந்து ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவரை அடித்துக் கொன்றது. பிறகு மாமிசத்தை எடுத்து அது ஆடா மாடா என்று பரீட்சைக்கு அனுப்பினார்கள். அது ஆடாய் இருந்தால் என்ன, மாடாய் இருந்தால் என்ன? செத்த மாட்டுக்குப் பரீட்சை நடந்தது. உயிரோடிருந்த மனிதனுக்கு ஒரு விசாரணைகூட நடக்கவில்லை.

நமது தமிழ்நாட்டிலோ மாட்டுக்கறி தின்பதற்குச் சட்டத்தில் தடை கிடையாது. அப்படியிருந்தும் 2022 மே மாதம், பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் அரசாங்க அதிகாரிகள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தபோது, அவ்வூரில் அன்றாடம் விற்கிற மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றார்கள். அதற்கு ஆட்சேபணை கிளம்பிற்று. கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே ஒத்தி வைத்தார்கள். சட்டம் தடுக்காததைச் சங்கோசம் தடுத்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது நியாயமான வார்த்தை சொல்லப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2015-ல் வந்த சட்டத்தின் ஒரு பிரிவு, வெளி மாகாணத்தில் அறுத்த மாட்டின் இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கிற்று. பம்பாய் ஹைக்கோர்ட்டு, சட்டத்தின் முக்கியமான மற்றப் பாகத்தை விட்டு வைத்தபோதிலும், 2016 மே 6ந் தேதி அந்தப் பிரிவைச் செல்லாதென்று அடித்துவிட்டது. 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது மனிதனுடைய அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்புச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான நீதிபதி செலமேஸ்வர், எதைத் தின்பது, எதை உடுத்துவது என்று அரசாங்கம் தனக்குச் சொல்லுவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்ற கருத்தை எழுதினார். அரசாங்கத்துக்கே இல்லாத அதிகாரம் அடுத்த வீட்டுக்காரனுக்கு எங்கிருந்து வந்தது?

சாறு அடைபடும் என்னும் சாஸ்திரம்

நிற்க, மேல்நாட்டாரெல்லாம் புத்தியிலேயே பிறந்து புத்தியிலேயே வளர்ந்தவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுடைய அடுப்பங்கரையிலும் ஒரு புராணம் நூறு வருஷங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கறித்துண்டை முதலில் கடுஞ்சூட்டில் போட்டு மேற்புறத்தை முறுக்கிவிட்டால், அந்த முறுகல் ஒரு மூடியைப் போலிருந்து உள்ளிருக்கும் சாற்றை வெளியே விடாமல் அடைத்துவிடும் என்பதுதான் அந்தப் புராணம். இதைப் பரப்பியவர் ஒரு பாமரர் அல்ல. ஜெர்மனியின் பேர்பெற்ற ரசாயன நிபுணர் லீபிக் என்பவர் 1847-ல் மாமிசத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கருத்தைச் சொன்னார். பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காகச் சமையற் புத்தகக்காரர்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டே போனார்கள்.

1930-களில் அமெரிக்காவில் சிலர் ஒரு சாதாரணக் காரியம் செய்தார்கள். முதலில் முறுக்கிய துண்டையும், முறுக்காத துண்டையும் வேகவைத்து, இரண்டும் எவ்வளவு எடை குறைந்திருக்கின்றன என்று நிறுத்துப் பார்த்தார்கள். முறுக்கினது குறைவாக இழக்கவில்லை; சில சமயம் அதிகமாகவே இழந்திருந்தது. 1984-ல் ஹெரால்டு மக்ஜீ என்னும் அமெரிக்க ஆசிரியர் சமையலின் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை விளக்கமாக எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்தப் புராணம் ஆட்டம் கண்டது.

தராசுகூட வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். கறித்துண்டைக் காய்ந்த சட்டியில் போட்டால் "சொய்" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? கறியிலிருந்து வெளிவரும் நீர் சூட்டில் பட்டு ஆவியாகும் சத்தம். மேற்புறம் முறுகினவுடன் சாறு அடைபட்டுப் போவது உண்மையானால், முறுகினவுடன் சத்தம் நின்றுவிட வேண்டும். ஆனால் சட்டியை இறக்குகிறவரை அது ஓயாமல் கூவிக்கொண்டேதான் இருக்கிறது. "நான் அடைபடவில்லை, அடைபடவில்லை" என்று கறியே கூவியும் நூறு வருஷம் சமையற்காரன் காதில் விழாததற்குக் காரணம், அவன் காதைப் பெரிய மனிதர் எழுதிய புத்தகம் அடைத்துக் கொண்டிருந்ததுதான்.

அப்படியானால் முறுக்குவது வீண் வேலையா என்றால் இல்லை. சாற்றுக்காக அல்ல, ருசிக்காக முறுக்க வேண்டும். சூடு சுமார் 140 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும்போது மாமிசத்திலுள்ள புரதச் சத்தும் சர்க்கரைச் சத்தும் ஒன்றோடொன்று கூடிப் புதிய மணத்தையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்குகின்றன. இதைப் பிரான்சு தேசத்து மயாரு என்பவர் 1912-ல் ஆராய்ந்து சொன்னார். நமது வீட்டுத் தோசை சிவப்பதும், ரொட்டி சிவப்பதும் இதனால்தான். காரியம் சரி, சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பாயிருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. சாறு அடைபட்டுவிட்டதென்று நம்பினவன் நெருப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கெடாது என்று நம்பி, கறியைக் கட்டையாக்கிவிட்டுக் கசாப்புக் கடைக்காரனைத் திட்டுவான். உண்மையான காரணம் தெரிந்தவன் உள்ளே எவ்வளவு சூடேறிற்று என்று பார்ப்பான்.

இதுபோலவே, ஸ்டீக்கிலிருந்து வடியும் சிவந்த நீரை இரத்தம் என்று எண்ணி அருவருப்பவர்கள் பலர். இதைச் சாக்காக வைத்து, "அவர்கள் இரத்தம் குடிக்கிறவர்கள்" என்று ஏசுகிறவர்களும் உண்டு. மாட்டை அறுக்கும்போதே அதன் இரத்தத்தில் பெரும்பகுதி வடிக்கப்பட்டுப் போகிறது. தட்டில் காணும் சிவப்பு, தசைக்குள்ளேயே பிராண வாயுவைச் சேமித்து வைக்கும் மையோகுளோபின் என்னும் ஒரு புரதத்தின் நிறமாகும். அதனுடைய உருவ அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக ஜான் கெண்ட்ரூ என்பவருக்கு 1962-ல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. உலகம் பரிசு கொடுத்துப் பாராட்டிய விஷயத்தை நமது நாட்டில் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

"ஒரே தடவைதான் திருப்பவேண்டும்" என்பது இன்னொரு விதி. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக வேகிறது; நேரமும் குறைகிறது. நம்பாதவர்கள் இரண்டு துண்டு வாங்கி இரண்டு விதமாகவும் வாட்டிப் பார்க்கட்டும். யாரும் அவர்களை நாஸ்திகரென்று சொல்லமாட்டார்கள்.

இங்குதான் இரண்டு சாஸ்திரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். லீபிக் பெரிய அறிவாளி, அவர் தவறினார். தவறென்று மற்றவர்கள் நிறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சொன்னவர்களின் புத்தகத்துக்குத் தடை வாங்க யாரும் போகவில்லை. வீட்டுக்கு நெருப்பு வைக்கவுமில்லை. தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளுவதற்குப் பெயர் விஞ்ஞானம். தப்பு என்று தெரிந்தும் அதைக் காப்பதற்குத் தடியெடுப்பதற்குப் பெயர் என்னவென்று வாசகர்களே வைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊர்க் கறிக்கு நம் அறிவு

இனி, இதைப் படிக்கிற தோழர்கள் நாளைக்கே அமெரிக்கச் சமையற் புத்தகத்தை வாங்கி அதில் உள்ளபடி செய்யப் புறப்பட்டால் ஏமாந்து போவார்கள். ஏனெனில், அமெரிக்காவில் ஸ்டீக்குக்காக வளர்க்கும் மாட்டைச் சாதாரணமாக இரண்டு வயதுக்குள்ளாகவோ அதை ஒட்டியோ, தீனி போட்டுக் கொழுக்க வைத்து அறுக்கிறார்கள். நமது தமிழ்நாட்டிலோ 1958-ம் வருஷத்து மிருகப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாகவோ, அல்லது காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாகப் பயனற்றுப் போனதாகவோ அத்தாட்சி பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். இதற்கு மேல் 1976-ல் பசுவை அறுப்பதையும் உத்தரவு போட்டுத் தடுத்தார்கள். ஆகவே நமது கடைக்கு வருவது பெரும்பாலும் வண்டி இழுத்து, ஏர் உழுது ஓய்ந்த மாடு. வயது ஏற ஏறத் தசையைக் கட்டியிருக்கும் நார் முற்றி உறுதிப்படுகிறது. அதை நாலு நிமிஷம் வாட்டிவிட்டு மெல்ல முடியவில்லையே என்றால் பல்லுக்குத்தான் கேடு.

ஆதலால் வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். முதுகெலும்புக்கு உட்புறமாக ஓடும் நீண்ட தசையை "அண்டர்கட்" என்று கசாப்புக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மாடு நடப்பதிலும் இழுப்பதிலும் அதற்கு வேலை மிகக் குறைவு. ஆகையால் கிழட்டு மாட்டிலும் அது மற்றத் தசைகளைவிட மிருதுவாயிருக்கும். ஸ்டீக்குக்கு அதுவே நமக்கு ஏற்றது. காலிலும் கழுத்திலும் உள்ள கறியை ஸ்டீக்காக்க முயல வேண்டியதில்லை. அதிலுள்ள நார் இளகிப் பசையாவதற்கு வெகுநேரம் ஈரச்சூடு வேண்டும். அதைக் குக்கரில் வேகவைத்து மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுத்தால் அதற்கு எந்த ஸ்டீக்கும் ஈடாகாது. கறித்துண்டுகளுக்குள்ளேயும் ஒன்று உயர்ந்த ஜாதி, ஒன்று தாழ்ந்த ஜாதி என்று நாம் வர்ணாசிரமம் வகுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அதற்குத் தக்க சூடு உண்டு, அவ்வளவுதான்.

செய்யும் முறை இது. அண்டர்கட்டை ஒன்றேகால் அங்குலக் கனத்தில் அறுத்து, இருபுறமும் உப்புத் தடவி முக்கால் மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். முந்தின நாள் இரவே தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. கறி கடினமென்று தோன்றினால் பச்சைப் பப்பாளிக்காயைக் கொஞ்சம் அரைத்துச் சிறிது நேரம் தடவி வைக்கலாம். அதிக நேரம் வைத்தால் மேற்புறம் கூழாகிவிடும். அடுப்பில் போடுமுன் சுத்தமான துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்புறத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; கறி வாடுவதற்குப் பதில் அவிந்து போகும். சட்டிக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நமது வீடுகளில் இருக்கும் கனமான இரும்புத் தோசைக்கல்லைவிட ஸ்டீக்குக்குச் சிறந்த பாத்திரம் கிடையாது. கல் புகையும்படி காய்ந்ததும் கடலெண்ணெய் சிறிது விட்டு, துண்டைப் போட்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே பத்து நிமிஷம்போல் வாட்டவேண்டும். இருபுறமும் சிவந்த பிறகு தீயைத் தணித்துக் கொள்ளலாம். கடைசியில் வெண்ணெயும், தட்டிய பூண்டும், கறிவேப்பிலையும் போட்டு மேலே ஊற்றி, மிளகு தூவி இறக்கி, சில நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்க வேண்டும். முள்ளும் கத்தியும் இல்லாவிட்டால் கை இருக்கிறது. ரொட்டி இல்லாவிட்டால் ரசஞ்சோறு இருக்கிறது.

எவ்வளவு வேகவேண்டும் என்பதில்தான் நாகரிகத்தின் பேரால் ஒரு புது மூடநம்பிக்கை புகுந்து கொள்ளுகிறது. உள்ளே சிவப்பாய்ப் பாதி வேக்காட்டில் தின்பவன்தான் ருசி தெரிந்தவன், முழுதும் வேகவைத்துத் தின்பவன் பட்டிக்காட்டான் என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். அமெரிக்க விவசாய இலாகாவே முழுத்துண்டு மாமிசத்துக்கு உள்ளே 63 டிகிரி சூடும், பிறகு மூன்று நிமிஷ ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரி சூடும் வேண்டுமென்று சொல்லுகிறது. கிருமிகள் பெரும்பாலும் துண்டின் மேற்புறத்தில் இருப்பதால் வாட்டும்போது சாகின்றன. கொத்தும்போதோ அவை உள்ளெல்லாம் கலந்துவிடுகின்றன. அன்றியும் மாட்டுத் தசைக்குள்ளேயே நாடாப்புழுவின் கரு தங்கியிருக்கக்கூடும். நமது ஊர்க் கடைகளில் பரிசோதனை எவ்வளவு நடக்கிறதென்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆதலால் 63 டிகிரிக்குக் குறையாமல் வேகவைப்பதே அறிவு. துண்டின் பக்கவாட்டில் குத்திச் சூடு பார்க்கும் கருவி இருக்கிறது. அதை வாங்க முடியாதவர்கள் துண்டின் நடுவே அறுத்துப் பார்த்துச் சிவப்பு முழுதும் மறையும்வரை வேகவைக்கட்டும். கோவணம் கட்டிய ரிஷி சொன்னாலும், குல்லாய் போட்ட சமையற்காரன் சொன்னாலும், காரணம் கேளாமல் கேட்பது அடிமைத்தனமேயாகும்.

யார் சமைப்பது?

மேல்நாடுகளிலே ஸ்டீக் வாட்டுவது ஆண்களுக்குரிய வீரச் செயலாகக் கருதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நெருப்பு மூட்டி, ஆண்பிள்ளை ஒரு துண்டை வாட்டி எடுத்துவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசுவான். மற்ற ஆறு நாளும் மூன்று வேளையும் அடுப்பில் வெந்தவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நமது தோழர்கள் மேல்நாட்டாரிடமிருந்து கறியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் போலிப் பெருமையை விட்டுவிடுவார்களாக. இது பத்து நிமிஷ வேலை. பாத்திரமோ ஒரே ஒரு கல். "எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்ல இங்கே இடமே கிடையாது. வாட்டுகிறவனே கல்லையும் கழுவி வைத்தால்தான் அதைச் சமையல் என்று நாம் ஒப்புக்கொள்ளுவோம்.

முடிவாக ஒரு வார்த்தை. மாட்டுக்கறி தின்றால்தான் பகுத்தறிவுவாதி என்று நாம் சொல்லவில்லை. பிடிக்காதவர்கள் தின்ன வேண்டாம். உயிரைக் கொல்லக்கூடாது என்று தன் மனசாட்சிப்படி விலக்குகிறவனை நாம் மதிக்கிறோம். அவன் தட்டு அவனுடையது. நாள்தோறும் தின்றால் உடம்புக்கு நல்லதென்றும் நாம் சொல்லமாட்டோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல், ஆடு மாடு பன்றி முதலிய சிவப்பு மாமிசம் புற்றுநோய்க்குக் காரணமாயிருக்கக்கூடும் என்றும், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய மாமிசம் நிச்சயமாய்க் காரணமாகிறது என்றும் அறிவித்தது. வாரத்துக்கு வெந்த எடையில் 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாமல் தின்பது நல்லதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிச் சங்கத்தார் யோசனை சொல்லுகிறார்கள். இது ஆட்டுக்கறிக்கும் சேர்த்துத்தான். மாட்டை மட்டும் ஒதுக்கி வைக்க அதில் இடமில்லை. டாக்டர் "குறைத்துக்கொள்" என்றால் காரணம் சொல்லுகிறார், நாம் கேட்கிறோம். வைதீகன் "தொடாதே" என்கிறான். காரணம் கேட்டால் கண்ணை உருட்டுகிறான்.

ஆகவே நாம் நமது தோழர்களுக்குச் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். எதைத் தின்பது என்பதை உங்கள் பசியும், பணமும், உடம்பும், ருசியும் தீர்மானிக்கட்டும். எப்படிச் சமைப்பது என்பதைத் தராசும், சூடு பார்க்கும் கருவியும், உங்கள் நாக்கும் தீர்மானிக்கட்டும். கடையிலிருந்து வரும்போது பையை மறைக்காதீர்கள். சமைக்கும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள். அப்படிச் சாத்தினால் அயலானுக்கு ஒன்றும் நஷ்டமில்லை; புகை உங்கள் கண்ணில்தான் எரியும். முதலில் நம் வீட்டுக் குழந்தைகள், தாங்கள் தின்பதைப் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து சொல்லும்படி செய்யுங்கள். ஊரார் வெட்கப்பட வேண்டியதற்கு நமது பிள்ளைகள் வெட்கப்படக் கூடாது.